மீடியம் மாஸ்டரும் ஆறு இட்லிப்பூச் செடிகளும்

உலகத்தில் எந்தப் பொருளுக்கும் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று மூன்றே அளவுகள்தான் என்றும், அதில் மீடியத்தைத் தவிர மற்ற இரண்டும் யாரோ செய்த தவறு என்றும் மனதார நம்பிய ஒரே மனிதர் எங்கள் மீடியம் மாஸ்டர்தான். ஓட்டலில் தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்த தோசையை, "இது எக்ஸெல்லு. மீடியத்துல ஒண்ணு போடுங்க" என்று திருப்பி அனுப்பியவர் அவர். சப்ளையர் பையன் திருப்பூருக்குப் புதிது. சமையலறைக்குள் போய், மீடியம் தோசை என்றால் என்ன என்று விசாரித்தான்.

மாஸ்டர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். குடும்பம் ஊரில் இருந்தது. நான் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் ஷிப்பிங் டாக்குமெண்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலிபாளையம் போகிற வழியில் ஆறு வீடுகள் கொண்ட ஒரு லைன் வீட்டில் இருவரும் அடுத்தடுத்துக் குடியிருந்தோம். முதல் வீட்டில் வீட்டுக்கார அம்மா இருந்தார். கேட்டை யார் திறக்கிறார்கள், யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று சன்னலோரம் நாற்காலி போட்டுப் பார்ப்பதுதான் அவருடைய முழுநேர உத்தியோகம்.

அந்தச் சன்னலுக்குக் கீழே நாலடி அகலம், பன்னிரண்டடி நீளத்துக்கு வெறும் மண் கிடந்தது. அதில் எனக்கு ஒரு கண். என் ஸ்கூட்டர் தெருவில் நின்றது. துணி ரோல் ஏற்றி வரும் டெம்போக்கள் அதன் கண்ணாடியை இரண்டு முறை பெயர்த்திருந்தன. அந்த இடத்தில் சிமெண்ட் போட்டுக் கொடுத்தால் வண்டி நிறுத்தலாம் என்று வீட்டுக்கார அம்மாவிடம் நான் மனுப் போட்டிருந்தேன். மனு பரிசீலனையில் இருந்தபோதே மாஸ்டர் உள்ளே புகுந்து அங்கே பூச்செடி வைக்க அனுமதி வாங்கிவிட்டார்.

"வெச்சுக்கோங்க மாஸ்டரு. ஆனாச் சன்னல் மட்டத்துக்கு மேல ஒரு தழை வரக்கூடாதுங்க. எனக்கு வாசல் கேட்டு தெரியோணும்" என்றார் அந்த அம்மா.

மாஸ்டர் இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தார். தரையிலிருந்து சன்னல் மட்டம் முப்பது இஞ்ச். ஒரு தாளில் எழுதிக்கொண்டார்: உயரம் முப்பது, அகலம் இருபத்து நாலு, மத்தியானத்திலிருந்து நாலு மணி வரை வெயில், போர் தண்ணீர் உப்பு, கலர் சிவப்பு. வெளிநாட்டு ஆர்டருக்குக்கூட எங்கள் கம்பெனியில் இவ்வளவு தெளிவாக யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

பக்கத்து நர்சரிகளில் அவருக்குத் திருப்தி வரவில்லை. காங்கேயம் தாண்டி, வெள்ளகோவில் சாலையில் ஒரு நர்சரி இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் என் ஸ்கூட்டரையும் கிளப்பினார். என் வண்டி நிற்க வேண்டிய இடத்தைப் பிடுங்கிக்கொண்டு, அந்த வண்டியிலேயே உட்கார்ந்து செடி வாங்கப் போகிற ஆளை என்னவென்று சொல்வது?

நர்சரிக்காரர் பொறுமைசாலி. ரோஜாவைக் காட்டினார். "முள்ளு. சின்னப் புள்ளையளோட உடுப்பு கிழிஞ்சிரும்" என்றார் மாஸ்டர். அரளி விஷம் என்று தள்ளுபடி ஆனது. செம்பருத்தி தோளுக்கு மேல் போய்விடும். நந்தியாவட்டையைப் பார்த்து, "வெள்ளைல ஷேடு வித்தியாசம் கண்டுபிடிக்கியது கஷ்டம்லா" என்று நகர்ந்தார். கடைசியில் குட்டை ரக இட்லிப்பூவின் முன்னால் நின்றார். சின்ன இலை, நெருக்கமான கிளை, கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ.

"எல்லாம் ஒரே லாட்டா?" என்று, ஒரே சாயத்தொட்டியில் முக்கிய துணியா என்பதுபோல விசாரித்தார்.

"செடிக்கு ஏதுங்க லாட்டு?" என்றார் நர்சரிக்காரர்.

"ஷ்ரிங்கேஜ் எவ்வளவு?"

"அட, செடி வளருமுங்க. எங்கீங்க சுருங்குது?"

முதலில் ஒரே ஒரு செடிதான் வாங்கினார். அது சாம்பிள். வீட்டுக்கார அம்மாவிடம் காட்டி அப்ரூவல் வாங்கிய பிறகு, அடுத்த ஞாயிறு மீதி ஐந்து. அதற்கும் என் வண்டிதான்.

செடிகளை நட்ட பிறகுதான் மாஸ்டரின் உண்மையான கலை வெளிப்பட்டது. பனியன் துணி வெட்டுவதற்கு வைத்திருக்கும் பேட்டர்ன் அட்டையில், கவிழ்த்த சட்டி வடிவத்தில் ஒரு செடி அட்டை செய்தார். தினமும் காலையில் ஷிப்டுக்குப் போகுமுன் அதைச் செடிக்குப் பின்னால் நிறுத்துவார். அட்டைக்கு வெளியே நீட்டுகிற நுனியையெல்லாம் தன் சொந்தக் கத்தரிக்கோலால் நறுக்குவார். இரண்டடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். திரும்ப வந்து இன்னும் ஒரு இலையை நறுக்குவார். ஆறு செடிகளும் அச்சு அசல் ஒன்றுபோல நின்றன. தெருவில் போகிறவர்கள் பிளாஸ்டிக் செடியா என்று தொட்டுப் பார்த்தார்கள்.

உப்புத் தண்ணீரில் இலைகள் ஒருமுறை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தன. "ஷேடு போயிட்டு தம்பி!" என்று அலறினார். அன்றிலிருந்து தன் பங்குக் குடிதண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, என் வீட்டுக் குடத்தில் தண்ணீர் குடித்தார். எருவும் போட்டார். பச்சை திரும்பியது. எல்லாம் நடந்தது, ஒன்றைத் தவிர. ஒன்றரை வருஷமாகியும் ஒரு பூ பூக்கவில்லை.

வைகாசி முடிகிற சமயத்தில் வீட்டுக்கார அம்மா சன்னலைத் திறந்து தீர்ப்புச் சொன்னார்.

"ஏனுங் மாஸ்டரு, பூச்செடின்னு சொல்லித்தானுங்க வெச்சீங்க? ஒத்தப் பூவக் காணமே. இது பூச்செடிங்களா, வேலித்தழையிங்களா? ஆடிப் பதினெட்டுக்குள்ள பூத்தாச் செரி. இல்லீன்னா எல்லாத்தையும் புடுங்கிப்போட்டு, இந்தத் தம்பி வண்டி நிறுத்தக் காரை போட்டுக் குடுத்துருவேனுங்க."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்?

மாஸ்டருக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. ஞாயிறு விடிந்ததும் புகாரோடு நர்சரிக்குக் கிளம்பினார், வழக்கம்போல என் வண்டியில். "ஆறு பீசும் ரிஜெக்டு. ஒண்ணுகூடப் பூக்கல" என்று போனில் இருந்த படத்தை நீட்டினார். நர்சரிக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார்.

"இதை யாருங்க இப்பிடி வெட்டறது?"

"நாந்தான். தெனமும் வெட்டுதேன்" என்றார் மாஸ்டர் பெருமையாக.

"இட்லிப்பூவு கொப்போட நுனியிலதானுங்க மொட்டு வெக்கும். நீங்க தெனமும் நுனியத்தான வெட்டறீங்க? பூவு வரலீன்னு சொல்லாதீங்க. வந்ததையெல்லாம் நீங்களே வெட்டிப் போட்டீங்க."

மாஸ்டர் பக்கத்திலிருந்த உரமூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இது குட்டை ரகமுங்க. அதுவே இடுப்புக்கு மேல பெருசாப் போகாது. வெட்டவே வேண்டாம். பூத்து முடிஞ்சதுக்கப்பறம் லேசா ஒருக்கா நறுக்குங்க, போதும்" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார் நர்சரிக்காரர்.

அன்று சாயங்காலம் மாஸ்டர் என் வீட்டுக்கு வந்தார். கையில் கத்தரிக்கோல்.

"தம்பி, இத நீங்க வச்சிக்கிடுங்க. ஆடிப் பதினெட்டு வரைக்கும் நான் கேட்டாலும் குடுக்காதிய."

"அழுது கேட்டா?"

கொஞ்சம் யோசித்தார். "அப்பவும் குடுக்காதிய."

நீங்களே நியாயம் சொல்லுங்கள். செடி பூக்கக்கூடாது என்று காத்திருக்கும் ஒரே ஆளிடம் போய்க் கத்தரிக்கோலை ஒப்படைக்கிறார் மனிதர். அவர் கேட்கிற நேரத்தில் நான் எடுத்து நீட்டினால் போதும், என் வண்டிக்குக் காரை போட்டாயிற்று.

மூன்றாம் நாளே கேட்டார். "ஒரே ஒரு இலை தம்பி. கோணலா நிக்கி. கண்ண உறுத்துது." நான் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் நகவெட்டியோடு செடிப் பக்கம் குனிந்திருந்தவரைப் பிடித்தேன். நகவெட்டியும் என் பெட்டிக்குப் போனது. பிறகு ஒருநாள் சவர பிளேடு. வேலைக்குப் போகும்போது செடிகளைப் பார்க்காமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு போவார். நான் ஏன் அப்படிக் காவல் காத்தேன் என்று கேட்டால், அப்போது எனக்கே தெரியாது.

ஆடி பிறந்தது. செடிகள் தலை கலைந்து நின்றன. நுனிகளில் பச்சை ஊசிகள் போல மொட்டுக்கள் வந்தன. பதினெட்டாம் தேதி காலை கொத்தனார் சிமெண்ட் மூட்டையோடு வந்துவிட்டார். ஆறு செடியிலும் மொட்டுத்தான். மூன்றாவது செடியில் மட்டும் ஒரு கொத்து சிவப்பாக விரிந்திருந்தது. ஆனால் அந்தக் கிளை சன்னல் மட்டத்துக்கு மேல் நாலு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கார அம்மா வெளியே வந்து பார்த்தார். "பூத்துருச்சு, செரி. ஆனா மட்டத்துக்கு மேல போயிருச்சே மாஸ்டரு. நாஞ் சொன்னது ரண்டுமல்லொ?"

மாஸ்டர் வேட்டி நுனியைக் கையில் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "இடங் கேட்டது நீதான் கண்ணு. நீயே சொல்லு. என்ன பண்ணட்டும்?"

"வண்டி தெருவுலயே நிக்கட்டுங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"அப்பறம் எதுக்குடா சாமி என்னையத் தொணப்புன?" என்று என்னைத் திட்டிவிட்டு, கொத்தனாரைப் பாத்ரூம் தரையைப் பூசச் சொல்லி அனுப்பினார். போகிற போக்கில், "ஆடிப் பதினெட்டு, சாமிக்கு ஆச்சு" என்று அந்த ஒரே கொத்தையும் கிள்ளி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒன்றரை வருஷத்தில் பூத்த ஒரே பூ. மாஸ்டர் அந்த வெறும் காம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுதுவிடுவாரோ என்று பயந்து பக்கத்தில் போனேன். அவர் மெதுவாகத் திரும்பினார். முகத்தில் ஒரு புது வெளிச்சம்.

"தம்பி, பூத்து முடிஞ்சா வெட்டலாம்னு நர்சரிக்காரர் சொன்னார்லா? இப்ப முடிஞ்சிட்டுல்லா? கத்திரியக் குடுங்க."

நான் கொடுக்கவில்லை. மற்ற மொட்டுக்கள் விரியட்டும் என்றேன். அவை விரிந்து முடிந்ததும், அடுத்த மொட்டு வந்துவிட்டது என்றேன். நான் அந்த வீட்டைக் காலி செய்கிற வரை, வாரம் ஒருமுறை கதவைத் தட்டிக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். உட்கார்ந்து டீ குடிப்பார், என் டம்ளரின் அளவைக் குறை சொல்வார், வெறும் கையோடு திரும்பிப் போவார். கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டால் அவர் வருவது நின்றுவிடுமோ என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது.