பொட்டு வைத்த கடிகாரம்

ஆயுத பூஜையன்று குங்குமத்திடமிருந்து தப்பிய பொருள் எங்கள் வீட்டில் எதுவும் கிடையாது. இது தெரிந்தும், அதே நாளில் ஸ்பானிய மொழித் தேர்வுக்குத் தலையாட்டியவள் நான். (அவர்கள் ஊரில் அன்று வேலை நாள்.)

அலுவலகத்தில் ஸ்பானிய வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அது கிடைத்தால் வீட்டிலிருந்தே வேலை. பெருங்களத்தூர் நெரிசலில் ஆயுளைக் கழிக்க வேண்டாம். தடை ஒன்றுதான். அந்த மொழியில் மேசை பெண், கடிகாரம் ஆண். பெண்ணுக்கு முன்னால் 'லா', ஆணுக்கு முன்னால் 'எல்' போட வேண்டும். (நாற்காலி எப்போது பெண்ணானது என்றெல்லாம் கேட்கக் கூடாது.)

மண்டையில் ஏறவில்லை. ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தேன். மேசை, நாற்காலி, ஜன்னல், கதவு என்று பெண்பால் பொருள்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சிவப்புப் பொட்டு. கடிகாரத்துக்கும் மின்விசிறிக்கும் கிடையாது. பார்த்த மாத்திரத்தில் எல், லா நாக்கில் வந்து நின்றன. பொட்டைப் பார்க்காவிட்டால் வராது என்பதை நான் கவனிக்கவில்லை.

பூஜையன்று குளித்துவிட்டு வந்தால், மாமியார் கையில் குங்குமக் கிண்ணம்.

"என்னம்மா, பாதிக்குத்தான் பொட்டு வெச்சிருக்க? கடிகாரம் என்ன பாவம் பண்ணிச்சு? ஸ்டிக்கரை எடுத்துட்டு எல்லாத்துக்கும் குங்குமமே வெச்சுட்டேன்."

"ஐயோ அத்தை, அது ஆம்பளை!"

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?"

புத்தகத்தையாவது புரட்டலாம் என்றால், அது சரஸ்வதி படத்துக்கு முன்னால் பூவோடு படுத்திருந்தது.

"தொடாதே. நாளைக்குக் காலையில எடுத்துப் படி."

தேர்வோ சற்று நேரத்தில்.

மடிக்கணினித் திரையில் தேர்வு நடத்தும் அம்மையார் வந்து, அறையை விவரிக்கச் சொன்னார். சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் பெண்கள். கடிகாரத்துக்கு லா, மின்விசிறிக்கு லா, புத்தகத்துக்கும் லா. ஒவ்வொரு லாவுக்கும் அவர் புருவம் கொஞ்சம் ஏறியது. கடைசியில், "கடிகாரத்தின் மேல் என்ன சிவப்பாக?" என்றார்.

வேலை போனது போனதுதான் என்று முடிவுகட்டியதும் பயம் விட்டுவிட்டது. கருவிகளுக்கு ஓய்வு தரும் பூஜையை, என் ஸ்டிக்கர் ஏற்பாட்டை, மாமியாரின் சமத்துவத்தை, எல்லாவற்றையும் ஸ்பானிய மொழியில் கொட்டினேன். ஆண்பால் பெண்பால் பார்க்கவில்லை. நடுவே அத்தை பொரித் தட்டோடு திரைக்குள் நுழைந்தார்.

"யாரும்மா அது? கொஞ்சம் பொரி எடுத்துக்கச் சொல்லேன்."

அதையும் மொழிபெயர்த்தேன். அம்மையார் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தேறிவிட்டேன். "தயங்காமல் பேசுகிறார், பொருள்களின் பால் போகப் போகச் சரியாகும்" என்று குறிப்பு எழுதியிருந்தார்.

சரியாகிவிட்டது. இன்று அந்தக் குழுவுக்கு நான்தான் தலைவி. ஆனால் அத்தை விடுவதாயில்லை. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் வந்தவர்கள் எதிரிலேயே, "இது ஆம்பளையா, பொம்பளையா?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் பொட்டு வைப்பார். ஆம்பளை என்றால் குங்குமத்துக்குக் கீழே சந்தனத்தில் மீசையும் உண்டு. எங்கள் கூடத்துக் கடிகாரத்துக்கு நல்ல முறுக்கு மீசை.