அட்டையில் புகைந்த எங்கள் மலை

போடிநாயக்கனூரில் என்னைத் தெரியாதவர்கள் நிறையப் பேர் உண்டு. என் எரிமலையைத் தெரியாதவர்கள் ஒருவர்கூட இல்லை.

ஊருக்கு ஏதாவது செய்துவிட்டுப் போகவேண்டும் என்று சிலர் குளம் வெட்டுவார்கள், சிலர் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுப்பார்கள். நான் எரிமலையே இல்லாத ஊருக்கு ஓர் எரிமலை கொடுத்தேன். அதுவும் பளபளக்கும் ஆர்ட் பேப்பரில், நான்கு வண்ணத்தில்.

சில வருடங்களுக்கு முன் நடந்தது இது. எனக்கு நாற்பத்திரண்டு வயது. அறிவு வந்திருக்க வேண்டிய வயதுதான். (வந்து பார்த்துவிட்டு, வீடு பூட்டியிருக்கிறது என்று திரும்பிப் போயிருக்கும்.) போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் டிசைன் கடை வைத்திருந்தேன். காதுகுத்து பிளக்ஸ் முதல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வரை, ஊர்க்காரர்களின் முகத்தைச் சிவப்பாக்கிக் கொடுப்பது தொழில். கூடவே ஒரு பெரிய பதவியும் இருந்தது. ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் மாத இதழான ‘மலைக்காய்’க்கு நான்தான் ஆசிரியர்.

சங்கத் தலைவர் என் மாமனார். பக்கத்து ஊரான சிலமலைக்காரர், மலையில் ஏலத்தோட்டம் உள்ளவர். மகளைக் கொடுக்கும்போது அதிகம் யோசிக்காத மனிதர், பத்திரிகையைக் கொடுக்க மூன்று மாதம் யோசித்தார். கொடுத்த பிறகு டீக்கடையில் “வாங்க ஆசிரியரே” என்றார்கள். அந்த ‘ரே’ இருக்கிறதே, அதற்காக நான் எதையும் செய்வேன் என்கிற நிலைக்கு வந்திருந்தேன்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. “உலகமே செல்லுக்குள்ள வந்துருச்சு. இன்னும் எதுக்கு தாளு? பிடிஎஃப் பண்ணி குரூப்ல விட்டாப் போதும்” என்று சங்கத்தில் பலர் பேச ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் முடிவு செய்வதாக ஏற்பாடு. அச்சு நின்றால் ஆசிரியர் எதற்கு, பட்டனை அமுக்க ஒரு விரல் போதும். நான் மறுபடி முழுநேரக் கண்ணீர் அஞ்சலிக்காரன்.

விடுவேனா? பொதுக்குழுவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை இதழில் எட்டுப் பக்கத்துக்குக் கட்டுரை எழுதினேன். ‘உலகமய ஊடகச் சந்தையில் அச்சிதழும் மின்னிதழும்: ஓர் ஒப்பீடு’. அதிலிருந்து ஒரு வரி, இன்றும் மனப்பாடம்: “மின்னிதழ்க்காரர் எங்கோ எடுத்த படத்தை எங்கோ ஒட்டி, எதையோ எழுதிவிடுவர், அச்சு இதழுக்கு அந்தக் கீழ்மை கிடையாது.”

இந்த ஒப்பீட்டுக்காக வெளிநாட்டு மின்னிதழ்களை எல்லாம் செல்லில் புரட்டினேன். (புரட்டினேன் என்பது மரியாதைக்கு. படம் பார்த்தேன். இங்கிலீஷ் மூன்று வரியைத் தாண்டினால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.) அதில் ஒன்றில் அந்தப் படத்தைப் பார்த்தேன். பச்சைச் சரிவு, ஆள் உயர ஏலச்செடிகள், காய் எடுக்கும் பெண்கள், பின்னால் ஒரு மலை உச்சி, அதன்மேல் வெள்ளை வெளேரென்று மேகம். நம்ம மலையை வெளிநாட்டுக்காரன் எவ்வளவு அழகாக எடுத்திருக்கிறான் என்று நெஞ்சு விம்மியது. இறக்கினேன். அட்டையில் ஏற்றினேன். கீழே கொட்டை எழுத்தில் ‘முகில் தவழும் நம் மலை, முத்தாய் விளையும் நம் ஏலம்’ என்று என் சொந்தக் கவிதையையும் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்நூறு பிரதிகளும் வழக்கம்போல மலைக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகளில் ஏறின. எங்களுக்கு அதுதான் விநியோகத் துறை. டிரைவர்கள் டீக்கடைக்கு இரண்டு, எஸ்டேட் ஆபீசுக்கு ஒன்று, தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு நாலு என்று போட்டுக்கொண்டே போவார்கள். சங்கத்து குரூப்பிலும் பிடிஎஃப்பை விட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சின் மேன்மையை மக்களே உணரட்டும் என்கிற பெருந்தன்மை.

எட்டரைக்கு ஜீப் டிரைவர் குமரேசன் மேலேயிருந்து கூப்பிட்டான்.

“அண்ணே, பேச்சியம்மாக்கா ஒரு சந்தேகம் கேக்குது. அட்டையில இருக்கது எந்த எஸ்டேட்டுனு.”

பேச்சியம்மா, மலைக்கு அந்தப்புறம் கேரளத்துப் பூப்பாறைக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் இருபது வருடமாகக் காய் எடுப்பவர்.

“நம்ம மலைதான்னு சொல்லு.”

“சொன்னேன்ணே. நம்ம மலையில எவ நெத்தியில கயித்தக் கட்டிக் கூடைய முதுகுல தொங்கவிட்டுக்கிட்டுக் காய் எடுக்குறா, நம்மல்லாம் இடுப்புலதான கட்டுவோம்னு கேக்குது. பின்னாடி மலை வேற கரும்பு ஆலை மாதிரிப் பொகையுதாம்.”

சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். சிரித்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினேன். அதோடு சிரிப்பு நின்றது. எல்லாப் பெண்களின் நெற்றியிலும் பட்டையாக ஒரு கயிறு. மேகம் மலைக்கு மேலே தவழவில்லை, மலைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. மின்னிதழைத் திரும்பத் தேடி எடுத்தேன். படத்துக்குக் கீழே எறும்பு எழுத்தில் ஒரே ஒரு சொல்லைத்தான் படிக்க முடிந்தது.

குவாத்தமாலா.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். போடியில் ஏலக்காய் விலை இறங்கினால் மழையைத் திட்டமாட்டோம், வியாபாரியைத் திட்டமாட்டோம், குவாத்தமாலாவைத் திட்டுவோம். உலகச் சந்தையில் நமக்குப் போட்டியாகக் காய் கொட்டுகிற நாடு அது. அந்தப் பெயரைச் சொல்ல நேர்ந்தால் என் மாமனார் எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வருவார். அவர் சங்கத்தின் பத்திரிகையில், அவர் மருமகன், அந்த நாட்டு எரிமலையை ‘நம் மலை’ என்று போட்டிருக்கிறான்.

முதலில் குரூப்பைத் திறந்து பிடிஎஃப்பை அமுக்கி, ‘எல்லோருக்கும் நீக்கு’. ஒரு நொடி. ஆகா, மின்னிதழே மின்னிதழ் என்று மனசுக்குள் அதன் காலில் விழுந்தேன். எட்டுப் பக்கக் கொள்கை அங்கேயே முடிந்தது. ஆனால் தாளுக்கு அந்தப் பட்டன் இல்லையே. இரண்டு உரச் சாக்கை பைக்கில் கட்டினேன்.

கடைக்கு வந்த மனைவி செல்வி, “ஏங்க, எங்க கெளம்பிட்டீக?” என்றாள்.

“மலையில ஒரு சோலி.”

“சாக்கு எதுக்கு?”

“பெரிய சோலி.”

மலையடிவாரத்து முந்தலிலிருந்து போடிமெட்டு வரை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் குலதெய்வத்துக்கு ஒன்று நேர்ந்துகொண்டேன். உச்சிக்குப் போனபோது கடாவெட்டு வரை வந்துவிட்டது. மேலே கடை கடையாக, எஸ்டேட் எஸ்டேட்டாக ஏறி இறங்கினேன். “அச்சுப்பிழை, பக்கம் மாறிப்போச்சு, வேற தர்றேன்” என்பது நான் சொன்ன பொய். பூப்பாறையில் டீக்கடைச் சேட்டன் அட்டையைக் கிழித்துப் பழம்பொரி மடித்துக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் வாயில் வைக்குமுன் பிடுங்கினேன். பழம்பொரியை அவரிடம் கொடுத்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதை அந்தக் கடையே எழுந்து நின்று பார்த்தது. “எடிட்டர் சாரினு எந்து பற்றி?” என்று சேட்டன், அங்கே ஜீப்பை நிறுத்தியிருந்த குமரேசனைக் கேட்டார். எடிட்டர் சாருக்கு என்ன ஆச்சு என்று எனக்கே தெரியவில்லை, அவன் எதைச் சொல்வான்.

சாயங்காலத்துக்குள் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது சாக்குக்குள் வந்துவிட்டன. மிச்சம் ஒன்று. அது பேச்சியம்மாவிடம்.

லைன் வீட்டு வாசலில் அவர் பத்திரிகையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, அதக் குடுத்துருங்க. அச்சுப்பிழை.”

“பிழையெல்லாம் ஒன்னும் இல்ல அப்பு. எம்பேர சரியாத்தான் போட்டிருக்க.”

அப்போதுதான் நினைவு வந்தது. ‘தொழிலாளர் பக்க’த்தில் அவர் சொல்லச் சொல்ல யாரோ எழுதி அனுப்பிய கடிதம். லைன் வீட்டுக் கழிப்பறைக்கு எட்டு மாதமாகக் கதவு இல்லை, சாக்குதான் தொங்குகிறது என்று. இடம் காலியாக இருக்கிறதே என்று போட்டிருந்தேன். (ஆசிரியர் குழுவின் சமூகப் பொறுப்பு அவ்வளவுதான்.)

“செல்லுல போட்டோ எடுத்து நாலு தடவ அனுப்புனோம். சூப்பர்வைசரு கட்டைவெரலத் தூக்கிக் காட்டுற படம் அனுப்புறாரு. இன்னைக்கு இந்தத் தாளக் கொண்டுபோயி மேச மேல வச்சேன். எந்திரிச்சு நின்னுட்டாரு. ‘அச்சுல வந்துருச்சா, இது எங்கெங்க போகும்?’னு கேக்குறாரு. உலகம் பூராம் போகும்னு சொல்லிப்புட்டேன். இத எப்புடிக் குடுப்பேன்?”

உலகம் பூராவும் போகவேண்டிய பத்திரிகை என் பைக்கில் சாக்கில் இருந்தது. அதை எப்படிச் சொல்வது?

“அட்டைய மட்டும் கிழிச்சுக்கிறேன் அக்கா.”

“அட்டையில்லாமக் கொண்டுபோனா பழைய பேப்பரும்பாரு. நீ வெரசா கெளம்பு, மழ வருது.”

ஒரு பிரதிதானே, கதவு மாட்டும்வரை யாருக்குத் தெரியப்போகிறது என்று இறங்கினேன். பயம் போய் ஒரு கம்பீரம் வந்திருந்தது. ஒரே நாளில் ஒரு பத்திரிகையை ஒட்டுமொத்தமாகத் திரும்பப் பிடித்த ஆசிரியர் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று நினைத்தேன். விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன்.

கூடத்தில் மாமனார். கையில் செல்.

“வாங்க மாப்ள. உக்காருங்க.”

என் மாமனார் எவ்வளவு கோபத்திலும் மருமகன் மரியாதையைக் குறைக்காதவர். அதுதான் பயமே.

நடந்தது இதுதான். அதுவரை எந்தப் பிடிஎஃப்பையும் திறந்தே பார்க்காத மனிதர், மருமகன் உலகமயம் பற்றி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறானே என்கிற பெருமையில், நான் நீக்குவதற்கு முன்பே அதை இறக்கி, தெரிந்த வியாபாரி, விவசாயி, துபாயிலிருக்கும் தம்பி மகன் என்று எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். துபாய்க்காரன் எரிமலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தான்: ‘பெரியப்பா, நம்ம மலை எப்ப வெடிக்கும்? லீவு போட்டு வரணும்.’ அதற்குள் அது போடியையே சுற்றி வந்திருந்தது.

“தப்பா எடுத்துக்கிறாதீக மாப்ள. நீங்க ஒரு தடவையாச்சும் நம்ம தோட்டத்துக்குள்ள எறங்கிப் பாத்திருக்கீகளா?”

“ஜீப்புல இருந்து பாத்திருக்கேன் மாமா.”

அவர் எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். இந்த முறை குவாத்தமாலாவுக்காக அல்ல என்று எனக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. (விலை ஏறினபோதுகூட அவ்வளவு கூட்டம் வந்ததில்லை.) மேடையேறி என் ஒப்பீட்டை வாசிக்க வாயைத் திறந்தேன். “கீழ்மை வரிய மொதல்ல வாசிங்கண்ணே” என்று பின்னாலிருந்து ஒரு குரல். வாசித்தேன். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. பிறகு கட்டுரையை மடித்துவிட்டு, எரிமலையிலிருந்து பழம்பொரி வரை நடந்ததை நடந்தபடி சொன்னேன். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. கடைசியில் குமரேசன் எழுந்து, “நேத்து ஆசாரி வந்து பேச்சியம்மாக்கா லைனுக்குக் கதவ மாட்டிட்டுப் போயிட்டாரு” என்றான்.

என் மாமனார் மைக்கை வாங்கினார்.

“செல்லுல போனத இவரால புடிக்க முடியல. தாளுல போனத சாக்கக் கட்டிக்கிட்டு ஒரே நாள்ல புடிச்சுக் கொண்டாந்துட்டாரு. அப்புடியும் தப்புன ஒரு தாளு, ஒரு கதவ மாட்டியிருக்கு. நம்ம மாப்ளய ஆசிரியரா வச்சுக்கிட்டு, திரும்பப் புடிக்க முடியுற பத்திரிகைதான் நமக்குத் தோது. தாளு நிக்காது. ஒரே ஒரு நிபந்தன. இனிமே அட்டப்படத்த பேச்சியம்மா பாத்துச் சரின்னாத்தான் அச்சு.”

கைதட்டல் வந்தது. ‘ரே’ பிழைத்தது.

மன்னிப்புக் கேட்டு அந்த மின்னிதழுக்கு எழுதினேன். (செல்வி எழுதினாள், நான் கையெழுத்துப் போட்டேன்.) படம் எடுத்தவரே பதில் போட்டார். இத்தனை வருடத்தில் தன் படம் தாளில் வந்து பார்த்ததே இல்லை, ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டிருந்தார். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது இருக்கிறதே, கிடைக்காமலா? பார்சலை மாமனார் தன் கையாலேயே கட்டினார். உள்ளே எங்கள் தோட்டத்துக் காயில் ஒரு கைப்பிடியும் வைத்தார். “காய்னா எப்புடி இருக்கும்னு அவுகளும் பாக்கட்டும்.”

இன்றும் மாதாமாதம் அட்டைப்படம் குமரேசன் ஜீப்பில் மேலே போய் பேச்சியம்மாவின் பார்வைக்குப் பிறகுதான் சிவகாசிக்குப் போகிறது. போன மாதம்கூட ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். அது நானே மழையில் நனைந்து எடுத்த படம். “செடி நம்மதுதான், கோணம் சரியில்ல” என்று சொல்லிவிட்டாராம்.

மழைக்காலத்தில் போடிமெட்டுப் பக்கம் மேகம் இறங்கும்போதெல்லாம் செல்வி வாசலில் நின்று மேற்கே பார்க்கிறாள். பிறகு உள்ளே திரும்பி, அவள் அப்பாவின் அதே மரியாதையோடு சொல்கிறாள்:

“ஏங்க, ஒங்க மலை பொகைய ஆரம்பிச்சுருச்சு. சாக்க எடுத்துக்கிட்டுப் போங்க.”