ஒரு தேக்கரண்டிக் குற்றம்

நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு மனித குலம் செய்த மகத்தான காரியம், ஜெர்மனியில் பிராங்கோனியாவின் ஷ்வான்டால் கிராமத்தில் வீட்டு பீர் காய்ச்சுவோர் சங்கத்தை நிறுவியதுதான் என்று அதன் செயலாளர் எக்கார்ட் நம்பினார். நம்பிக்கையில் தவறில்லை. பதினோரு உறுப்பினர்களுக்கு நாற்பத்திரண்டு விதிகள் வேறு எந்த நாகரிகத்தில் உண்டு? முதல் விதி 'தூய்மை': தண்ணீர், மால்ட் எனும் முளைகட்டிய பார்லி, கசப்புப் பூவான ஹாப், ஈஸ்ட். வேறெதுவும் பீருக்குள் நுழையக் கூடாது.

ஊர்த் தண்ணீர் மட்டும் அந்த விதியைப் படித்ததில்லை. சுண்ணாம்பு மிகுந்த அதில் மால்ட்டை ஊறவைத்தால் கூழில் புளிப்பு போதாமல், பீர் தேயிலைச் சக்கையாகத் துவர்க்கும். சங்கம் கண்ட தூய வழி, புளிக்க வைத்த மால்ட். எக்கார்ட் அதில் இரண்டு கைப்பிடி போடுவார். அவருடைய அப்பாவும் இரண்டு கைப்பிடிதான். கருவி வைத்து அளப்பது அப்பாவைச் சந்தேகிப்பதாகும். ஒன்பது ஆண்டுகளாகத் தேவாலயத் திருவிழாவில் முதலில் திறக்கப்படுவது அவர் பீப்பாய்தான்.

இந்த ஆண்டு பெயரை மறைத்து ஆளுக்கொரு மடக்கு ருசி பார்த்ததில், பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் வால்ட்ராவுட்டின் பீப்பாய் வென்றுவிட்டது. வாழ்த்துச் சொல்லப் போன எக்கார்ட், அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு சீசாவைக் கண்டார். அவசரக் கூட்டம் கூடியது.

"கூழுல என்னம்மா ஊத்துன?"

"லாக்டிக் அமிலம். ஒரு தேக்கரண்டி. புளிப்பு அளக்கற மீட்டர்ல 5.4 காட்டுற வரைக்கும்."

"அமிலம்னு கூசாம சொல்றியே."

"உங்க புளிச்ச மால்ட்டுல இருக்கறதும் அதே லாக்டிக் அமிலம்தான், எக்கார்ட்."

"அது தானா வந்தது. இது நீ கூட்டிட்டு வந்தது."

தலைவர் ஃபைட் தொண்டையைச் செருமினார். "குடிச்சுப் பாக்காம எப்படிப்பா தீர்ப்புச் சொல்றது?"

குற்றம் சாட்டப்பட்டவர் வெளியே அனுப்பப்பட, 'தடய ஆய்வு' தொடங்கியது. முதல் சுற்றில் அமிலம் தென்படவில்லை. இரண்டாம் சுற்றிலும் அது ஒளிந்துகொண்டது. விசாரணை ஆழமாகப் போக வேண்டியிருந்தது. ஐந்தாம் சுற்றில் ஃபைட் கண் கலங்கி, இப்படியொரு குற்றத்தைத் தம் வாழ்நாளில் சந்தித்ததில்லை என்றார். எக்கார்ட் நான்கு குவளை ஆய்ந்தார், கடமை கடமைதான். பிறகு பத்துப் பேரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்: வால்ட்ராவுட் நீக்கம். திருவிழாவில் எக்கார்டின் பீப்பாயே திறக்கப்படும்.

வால்ட்ராவுட் தன் பீப்பாயை எடுத்துப்போக உள்ளே வந்தார். அது ஒற்றைக் கையிலேயே எழும்பி வந்துவிட்டது.

"இருபது லிட்டரையுமா குடிச்சீங்க?"

"குடிக்கல. பரிசோதிச்சோம்," என்றார் எக்கார்ட், மீசையில் இருந்த நுரையைத் துடைத்தபடி.

வால்ட்ராவுட்டின் பார்வை, பக்கத்தில் கழுத்துவரை நிறைந்து நின்ற இன்னொரு பீப்பாய்க்குப் போனது. "அப்போ உங்களது?"

"அது சுத்தமானதும்மா. அதைப் பரிசோதிக்கணும்னு இங்க ஒருத்தருக்கும் தோணல."