எந்தத் தெருவுல போனாலும் தூரம் ஒண்ணுதான்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல எனக்கு ஒரே ஒரு வேலை. எம்பொண்ணு யாழினியைக் பாண்டிச்சேரில எங்க வீடு இருக்கற கருவடிக்குப்பத்துல இருந்து ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு ஸ்கூல்ல கொண்டு போயி விடணும். ஸ்கூட்டர்ல இருபது நிமிஷம்.

அங்க கணக்குப் போட்டி. மூணு மணி நேரம், ஆறே ஆறு கணக்கு. பதினொண்ணாவது படிக்கிறா, ஒரு வருஷமா இதுக்காகத்தான் உயிரை விட்டுட்டு இருந்தா. இதுல தேறினாதான் அடுத்த ரவுண்டு. பத்து மணிக்கு மேல வந்தா உள்ள விட மாட்டோம்னு ஹால் டிக்கெட்லயே தடிப்பா போட்டிருந்தாங்க.

இதுல நான் எங்க வந்தேன்னு கேப்பீங்க. அவ மேத்ஸ் மிஸ் ஒரு டெக்னிக் சொல்லியிருக்காங்க. "போட்ட கணக்கைக் கணக்கே தெரியாத ஒருத்தருக்குச் சொல்லிப் புரிய வை. அவங்களுக்குப் புரிஞ்சுட்டா உனக்கு நல்லாப் புரிஞ்சுதுன்னு அர்த்தம்."

கணக்கே தெரியாத ஒருத்தர். வீட்ல யாரும் யோசிக்கவே இல்ல. நேரா என்னைப் பாத்தாங்க.

நான் பாண்டிச்சேரியிலயே மேட்டுப்பாளையத்துல ஒரு அட்டைப்பெட்டி கம்பெனில சூப்பர்வைசர். ப்ளஸ் டூ கணக்குல பாஸ் மார்க்குக்கு மேல ஒண்ணு வாங்கினேன். அந்த ஒண்ணு எப்படி வந்துதுன்னு இன்னிவரைக்கும் தெரியல.

மூணு மாசம் தினம் சாயங்காலம் எனக்குப் பாடம். "பெரிய கணக்கா இருந்தா சின்னதாக்கிப் பாருப்பா." "முடிவுல இருந்து பின்னால வாப்பா." "பத்து புறா, ஒம்போது கூண்டு. ஏதோ ஒரு கூண்டுல ரெண்டு புறா இருந்தே ஆகணும்ப்பா."

"இதுக்கு எதுக்கு டெக்னிக்? டவுன் பஸ்ல ஏறினா தெரியும்"னேன். முறைச்சா.

அப்புறம் வந்துது தெருக் கணக்கு. கட்டம் கட்டமா தெருவுங்க. வடமேற்கு மூலைல நிக்கிற, தென்கிழக்கு மூலைக்குப் போகணும். தெக்கால போகலாம், கிழக்கால போகலாம், திரும்பி வரக் கூடாது. மொத்தம் எத்தனை வழி?

மூணுக்கு மூணு கட்டம் போட்டுக் குடுத்தா. விரல் வெச்சு எண்ணினேன், பதினாலு. மறுபடி எண்ணினேன், பதினேழு. பதில் இருபதாம்.

"எண்ணாதப்பா. ஒவ்வொரு முக்குலயும் அங்க வர எத்தனை வழின்னு எழுது. மேல இருக்கற முக்கோட நம்பரையும் இடது பக்கத்து நம்பரையும் கூட்டினா இந்த முக்கு வந்துரும்."

கூட்டினேன். வந்துது. சத்தியமா சொல்றேன், உடம்பு சிலிர்த்துப் போச்சு. ஏன்னா அந்தக் கட்டம் அப்படியே எங்க பாண்டிச்சேரி. பழைய டவுனைச் சுத்திப் போற புல்வார்டு ரோட்டுக்குள்ள எல்லாத் தெருவும் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டதுதான். நாப்பத்தஞ்சு வருஷமா ஒரு கணக்குக்குள்ளயே சுத்திட்டு இருந்திருக்கேன், ஒருத்தனும் சொல்லல.

"அப்போ எந்த வழில போனாலும் தூரம் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். ஆனா இதுல இன்னொரு விஷயம் இருக்குப்பா..."

"புரிஞ்சிடுச்சு"ன்னு எழுந்து டீ குடிக்கப் போயிட்டேன். மறுநாள் கம்பெனி வாட்ச்மேனைக் கூப்ட்டு உக்கார வெச்சு அரை மணி நேரம் விளக்கினேன். அவரு பாவம், தலையை ஆட்டினாரு.

சரி, ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். ஒம்போது மணிக்குக் கிளம்பறோம். என் வீட்டுக்காரி செல்வி வாசல்ல வந்து சொன்னா. "ஏங்க, பஸ் ஸ்டாண்டைச் சுத்திப் போங்க. டவுனுக்குள்ள போயிடாதீங்க."

"சுத்திப் போனாதான் தூரம். உள்ள எந்தத் தெருவுல போனாலும் தூரம் ஒண்ணு. கணக்கு தெரியாம பேசாத."

யாழினி பின்னால உக்காந்து ஃபார்முலாவை முணுமுணுத்துட்டு இருந்தா. இதைக் கவனிக்கல.

நேரா காந்தி வீதிக்குள்ள விட்டேன்.

ஞாயித்துக்கிழமை காந்தி வீதில சந்தைன்னு பாண்டிச்சேரில பொறந்த பச்சக் குழந்தைக்குக் கூடத் தெரியும். எனக்கும் தெரியும். கடை விரிக்கறதுக்குள்ள போயிடலாம்னு நினைச்சேன். அவங்க விரிச்சுட்டாங்க. ரோட்டுல நைட்டி மூட்டை, செருப்பு மூட்டை, நடுவுல சாமான் இறக்கற வேன்.

"யோவ், பெட்ஷீட் மேல ஏத்தாதய்யா"ன்னு ஒருத்தரு கத்தினாரு.

"அப்பா, ஏம்ப்பா இதுக்குள்ள வந்த?"ன்னு யாழினி.

"கிழக்கால ஒரு தெரு தள்ளினா போச்சு. தூரம் மாறாது."

தள்ளினேன். மிஷன் வீதி. சர்ச்சுல பூசை முடிஞ்சு ஜனம் மொத்தமும் வெளிய வந்து, ரோட்டுல நின்னு ஒருத்தரை ஒருத்தரு நலம் விசாரிச்சுட்டு இருக்கு. மணி ஒம்போது இருபத்தஞ்சு.

இன்னும் கிழக்கால தள்ளினேன். டவுன் நடுவுல ஓடற வாய்க்காலைத் தாண்டி, பிரெஞ்சுக்காரங்க கட்டின வீடுங்க இருக்கற பக்கம் வந்தாச்சு. அங்க ஒரு கல்யாண ஜோடி நடுரோட்டுல நிக்குது. பின்னால மஞ்சச் செவரு. போட்டோக்காரரு கீழ படுத்துட்டு எனக்குக் கையைக் காட்றாரு. "அண்ணா, ரெண்டே நிமிஷம். பொண்ணு சிரிக்க மாட்டேங்குது."

ஹாரன் அடிச்சேன். பொண்ணு அழ ஆரம்பிச்சிடுச்சு.

பக்கத்துச் சந்துல திருப்பி வெளிய வந்தா, எதிர்ல சிவப்புத் தொப்பி. போலீஸ்காரரு பொறுமையா ஓரங்கட்டச் சொன்னாரு. "ஒன்வே சார்."

"சார், இங்க எந்தத் தெருவுல போனாலும் தூரம் ஒண்ணுதான் சார்."

"ஃபைனும் எல்லாத் தெருவுலயும் ஒண்ணுதான் சார். லைசென்ஸ் எடுங்க."

மணி ஒம்போதே முக்கால். திரும்பிப் பாத்தேன். யாழினிக்குக் கண்ணு ரொம்பியிருந்துது. ஒரு வருஷப் படிப்பை நான் ஒருத்தன் முக்கால் மணி நேரத்துல முடிச்சு வெச்சிட்டேனேன்னு இருந்துது.

"நான் ஓடறேன்ப்பா"ன்னு இறங்கிட்டா. வண்டி போகாத இடத்துல எல்லாம் புகுந்து போயிட்டா.

லைசென்ஸைத் தேடறேன், கால்ல ஏதோ தட்டுது. குனிஞ்சு பாத்தா அவ பை. பேனா, காம்பஸ், ஹால் டிக்கெட், எல்லாம் அதுல.

வண்டிச் சாவியைப் போலீஸ்காரரு கைல குடுத்தேன். "சார், வண்டியை நீங்களே வெச்சுக்கோங்க, வந்துடறேன்"னு ஓடினேன். கடைசியா நான் ஓடினது எங்க கம்பெனில பாய்லர் பக்கம் பாம்பு வந்தப்போ. பாதில ஒரு செருப்பு அறுந்துது. இன்னொண்ணை நானே கழட்டிப் போட்டேன்.

கேட்டை இழுத்து மூடிட்டு இருந்தாங்க. உள்ள இருந்து கம்பி வழியா ஒரு கை மட்டும் வெளிய நீட்டிட்டு இருந்துது. அது எம்பொண்ணு கை. பையை மாட்டினேன். கை உள்ள போச்சு, பூட்டு விழுந்துது.

கேட்ல இருந்த பெரியவரு என் காலைப் பாத்துட்டுச் சொன்னாரு. "பாப்பா சொல்லுச்சு சார். அப்பா கண்டிப்பா வருவாரு, வழில யாருக்காவது கணக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருப்பாருன்னு."

மத்தியானம் வெளிய வந்தா. "எப்படிப் போட்ட?"ன்னு கேட்டேன்.

"அஞ்சு போட்டேன். ஏம்ப்பா, அன்னிக்கி நீ டீ குடிக்க எழுந்து போனியே, மிச்சத்தைக் கேட்டியா?"

"என்ன மிச்சம்?"

"அடைச்சிருக்கற முக்குல சைபர் போட்டுட்டுதான் கூட்டணும். அதை விட்டுட்டா மொத்தமும் தப்பாயிடும்."

ரெண்டு பேரும் ஆட்டோல போயி வண்டியை மீட்டோம். ஃபைன் கட்டினேன். போலீஸ்காரரு யாழினிகிட்ட "எக்ஸாம் எழுதினியாம்மா?"ன்னு அக்கறையா கேட்டாரு. என்கிட்ட ஒண்ணும் கேக்கல.

போன வாரம் ரிசல்ட் வந்துது. தேறிட்டா. நான் கண்ணுல தண்ணி விட்டுட்டேன், சொல்றதுக்கு என்ன வெட்கம்? அடுத்த ரவுண்டு சென்னைல.

செல்வி கூட்டிட்டுப் போறா. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து கையாட்ட எனக்கு அனுமதி உண்டு, ஆனா வண்டில இல்ல, நடந்து.