லண்டன் டி.வி.க்காக அடித்த இரண்டு கோட்டு சுண்ணாம்பு

ஆம்பூர்,
12-11-1982

அன்புள்ள மச்சான் ஜேக்கப்புக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். போன வாரம் எழுதியிருந்தால் என்னை மட்டும் விட்டுவிட்டு எழுதியிருப்பேன்.

ஒரு வாரம் ஓவியர், ஒரு வாரம் பாட்டுக்காரர் என்று வருஷக்கணக்காக ஓடுகிறது, லண்டனில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்க்கிறேன் என்று ஒரு கலை நிகழ்ச்சியைப் பற்றி எழுதுவாயே, அந்தக் கூட்டம்தான் எங்கள் தோல் ஷெட்டுக்கு வந்தது. அதே கூட்டம் என்று எனக்கு அப்போது தெரியாது. முதலாளி இஷ்தியாக் அகமது மெட்ராஸிலிருந்து டிரங்க் கால் போட்டு, "லண்டன் டி.வி. வர்றான் சுந்தர்ராஜ். இடம் பளிச்னு இருக்கணும். மானம் போச்சுன்னா நீ வேலைக்கு வராதே" என்றார், வைத்துவிட்டார். கலெக்டர் வந்தாலே சுண்ணாம்பு அடிக்கிற ஊர் இது. லண்டன் என்றால் விடுவேனா? ரோட்டுப் பக்கச் சுவருக்கு இரண்டு கோட்டு அடிக்க வைத்தேன். தோலுக்குக் கலர் அடிக்கும் வேலாயுதம் ஒன்பது வருஷமாக டிபன் நேரத்தில் மாடு, பாலாற்று வெள்ளம், ஏலகிரி என்று அதில் கிறுக்கி வைத்திருந்ததெல்லாம் போய், சுவர் பாலாக நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காரிலிருந்து இறங்கிய டைரக்டர், அந்த மாடும் வெள்ளமும் தெரிகிற ஒரு போட்டோவை நீட்டி, இந்தச் சுவர் எங்கே என்று கேட்டார். அவர்கள் தோலைப் பார்க்க வரவில்லை மச்சான், வேலாயுதத்தின் படங்களைப் பார்க்க வந்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷ உத்தியோகம் போச்சு என்று நினைத்தேன். வேலாயுதத்தைத் தனியே இழுத்துப்போய் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவன், "வுடு சார், அந்த மாட்டுக்குப் பின்னங்கால் சரியா வரல. நானே அழிக்கணும்னுதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு பிரஷ்ஷை எடுத்தான். டைரக்டர் துள்ளிக் குதித்தார். முடிந்த படத்தை யார் வேண்டுமானாலும் காட்டலாம், ஆரம்பத்திலிருந்து யாருக்குக் கிடைக்கும் என்று நாலு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து எடுத்தார்கள். இரண்டாம் நாள் வந்த முதலாளி, சுண்ணாம்பு அடிக்கச் சொன்னதே டைரக்டர்தான் என்று தாமாகவே முடிவு செய்துகொண்டு, "இன்னா மூளை பார்த்தியா சுந்தர்ராஜ்!" என்றார். நான் மறுக்கவில்லை. நேற்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

உன் அக்கா தேவகிருபை குளிருக்குக் காதை மூடிக்கொள்ளச் சொல்கிறாள். தேவன் உன்னைக் காப்பாராக.

இப்படிக்கு,
சுந்தர்ராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வேலாயுதம் வந்தான். கேமரா முன்னால் அவனிடம், சுண்ணாம்பு அடித்தது யார் என்று கேட்டார்களாம். "எங்க மேனேஜர் சுந்தர்ராஜ் சார்தான், நீங்க வர்றீங்கன்னு அடிச்சாரு, அவர் இல்லேன்னா இந்தப் படமே இல்லேன்னு சொன்னேன் சார். நன்றியை மறக்கலாமா?" என்கிறான். படம் மார்ச்சில் வருகிறது. தோல் வியாபாரமாக முதலாளியும் அப்போது லண்டனில்தான் இருப்பார். தமிழ் தெரிந்த வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று உன் விலாசத்தை வாங்கிக்கொண்டார். பிரியாணி போட்டு நன்றாகக் கவனி. டி.வி.யை மட்டும் அதற்கு முந்தின நாளே ரிப்பேருக்குக் கொடுத்துவிடு.