ஏழு தாத்தா புரோகிராம்

தராஸ் நகரம்,
ஏப்ரல் 14.

மகா கனம் பொருந்திய சம்பந்தி செயித்காஸி அவர்களுக்கு, ரயில்வே கணினி மையத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற ஓங்கார்பாய் சலாம் கூறி எழுதிக்கொள்வது. தாங்கள் போனை எடுக்காததால் கடிதம். இவ்விடம் நானும் என் மனைவி துர்சின்குலும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும், தங்கள் வீட்டாரும், ஆடுமாடுகளும் சௌக்கியமாக இருக்க ஆண்டவன் அருளட்டும். ஐந்தாவது மாடியில் ஆடுமாடு ஏது என்று கேட்காதீர்கள். விசாரிக்காவிட்டால் அதையும் ஒரு குறையாகச் சொல்வீர்கள். என் மகள் அய்கோர்கெம் மட்டும் சௌக்கியமாக இல்லை. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவுக்கு வெளியே வைத்த தேநீர் வைத்தபடியே ஆறிக் கிடக்கிறது.

அன்று நடந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும். நிச்சயதார்த்தத்துக்கு நாற்பது பேர். பெரிய விருந்தாளிக்கு வைக்கிற ஆட்டுத்தலையைத் தங்கள் முன்னால்தான் வைத்தோம். தங்கள் மனைவி தன் கையாலேயே என் மகள் காதில் தோடு போட்டுவிட்டார். ஈரலும் வால்கொழுப்பும் ஒருவருக்கொருவர் ஊட்டி, இனி யாராலும் பிரிக்க முடியாத சம்பந்திகள் என்றாகிவிட்டது. அந்த ஈரலை விழுங்குவதற்குள் மடிக்கணினியைத் திறந்தீர்களே! "எதுக்கும் ஒரு தடவை பாத்துடுவோம் சம்பந்தி. நம்ம வழக்கப்படி ஏழு தலைமுறைக்குள்ள தாத்தா ஒருத்தரே ஆயிட்டா, புள்ளைங்க அண்ணன் தங்கச்சில்ல? நானே எழுதின புரோகிராம். சும்மா இல்ல, சி மொழி!" என்றீர்கள். "அதெல்லாம் பேசி முடிச்சாச்சே, கறி ஆறுது, சாப்பிடுங்க" என்றேன். கேட்டீர்களா? முதலில் தங்கள் மகன் எர்ஸாத்தின் ஏழு தாத்தாக்கள், பிறகு என் மகளின் ஏழு தாத்தாக்கள் என்று வரிசையாக ஏற்றினீர்கள், பொத்தானை அமுக்கினீர்கள், 'நாலாவது தாத்தா ஒருவரே, கல்யாணம் கூடாது' என்று வந்து நின்றது. நாற்பது பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். தங்கள் மனைவி எழுந்து வந்து தோட்டைக் கழற்றிக்கொண்டு போனார். என் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். சாகிறவரைக்கும் அதை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் தாங்கள் பெருமைக்காக விருந்தாளிகளுக்கெல்லாம் அந்தப் புரோகிராமை பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தீர்கள் அல்லவா, எனக்கும் ஒன்று கிடைத்தது. வீட்டுக் கணினியில் ஓட்டினேன். முதல் தடவை, என் மகளுக்கு என் மகளே கொள்ளுத்தாத்தா என்றது. இரண்டாம் தடவை, நாற்பத்து மூன்று வயதான தங்கள் மைத்துனர் என் அப்பாவைப் பெற்றவர் என்றது. மூன்றாம் தடவை அதற்கே வெட்கமாகிவிட்டது போலிருக்கிறது, அப்படியே உறைந்து நின்றுவிட்டது. தங்களுக்குப் போன் செய்து கேட்டால், "உங்க மெஷின் பழசு சம்பந்தி. என் மெஷின்ல ஜோரா ஓடுது" என்று வைத்துவிட்டீர்கள், அப்புறம் எடுக்கவே இல்லை. முப்பது வருஷமாக நான் கேட்டு அலுத்த பேச்சு அது. சி மொழியில் செய்யக்கூடாததைச் செய்தால் இன்னதுதான் நடக்கும் என்று ஒரு சட்டமும் கிடையாது. ஒரு நாள் ஒழுங்காக ஓடும், ஒரு நாள் மைத்துனரைத் தாத்தாவாக்கும், ஒரு நாள் பெண்ணின் தோட்டைக் கழற்றும்.

சரி, என்னதான் செய்திருக்கிறீர்கள் என்று திறந்து பார்த்தேன். ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குள் அவன் பெயரும் அவன் அப்பாவின் பெட்டி இருக்கும் விலாசமும். அதுவரைக்கும் நல்ல வேலை, பாராட்டுகிறேன். ஆனால் ஒருவருக்கு இறந்த வருஷத்தை எழுதியதும் அவர் பெட்டியைக் காலி செய்துவிடுகிறீர்களே, ஏன்யா? அப்புறம்தான் புரிந்தது. தாங்கள் பென்ஷன் ஆபீசில் இருந்தவர். அங்கே செத்தவனைப் பட்டியலிலிருந்து தூக்குவதுதான் உத்தியோகம். வம்சாவளியில் செத்தவனைத் தூக்கினால் மிச்சம் யார் இருக்கா? தங்கள் பரம்பரையில் நாலாவது தாத்தாவுக்கு மட்டும்தான் இறந்த வருஷத்தைத் தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்கள் எல்லாம் இருநூறு வயசிலும் ஜம்மென்று உயிரோடு இருக்கிறார்கள். அவரைக் காலி செய்தீர்கள், ஆனால் அவர் பிள்ளையிடம் சொல்லவில்லை. அவன் பழைய விலாசத்தையே வைத்துக்கொண்டிருக்கிறான். அடுத்து எங்கள் வம்சத்தை ஏற்றியபோது எங்கள் நாலாவது தாத்தா அந்தக் காலிப் பெட்டியில் குடி வந்துவிட்டார். தங்கள் ஆள் அப்பாவைத் தேடிக் கதவைத் தட்டினால் திறந்தது எங்கள் ஆள். இதுக்குப் பேரு ரத்த சம்பந்தமா?

இன்னும் கேளுங்கள். அப்பா பெயர் தெரியாதவனுக்கு அந்த இடத்தை வெறுமை என்று குறிக்காமல் விட்டிருக்கிறீர்கள். அங்கே ஏற்கெனவே என்ன குப்பை கிடந்ததோ அதுதான் அவனுக்கு அப்பா. கடைசியில் பெட்டிகளையெல்லாம் காலி செய்து எல்லாரையும் வழியனுப்பும் இடத்தில் முதல் ஆளை அனுப்பிவிட்டு, போனவரிடமே "உங்களுக்கு அடுத்தவர் எங்கே?" என்று கேட்கிறீர்கள். எல்லாவற்றையும் திருத்திவிட்டேன். செத்தவர் பெட்டியிலேயே இருப்பார், வருஷம் மட்டும் எழுதப்படும். அப்பா தெரியாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். வழியனுப்புமுன் அடுத்தவர் விலாசத்தைக் குறித்துக்கொள்ளும். இப்போது நூறு தடவை ஓட்டினாலும் ஒரே பதில்: நம் பிள்ளைகளுக்கு ஏழு தலைமுறையிலும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இனி இந்தப் புரோகிராம் சொன்னால் சொன்னதுதான். ஊரில் எந்தக் கல்யாணமானாலும் இதில் போட்டுப் பார்க்காமல் நடக்கக்கூடாது என்று தங்கள் பென்ஷன்காரர் சங்கத்தில் தீர்மானமே போடலாம், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை அதே நாற்பது பேர் முன்னால் தங்கள் மனைவி என் மகளுக்குத் தோடு போட வேண்டியது. தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு சலாமும், சின்னவர்களுக்கு ஆசியும், எர்ஸாத்துக்கு நீண்ட ஆயுளும்.

இப்படிக்கு,
ஓங்கார்பாய்

பி.கு.: உறையில் போடப் போகையில் துர்சின்குல் வந்து, "சரி பண்ணிட்டேன், சரி பண்ணிட்டேன்னு குதிக்கிறீங்களே, நம்ம பேரைப் போட்டுப் பாருங்க" என்றாள். போட்டேன். எங்களுக்கு ஐந்தாவது தாத்தா ஒருவரே. மூன்று தடவை ஓட்டினேன், மூன்று தடவையும் அதேதான். அவ்வளவு அழகாகத் திருத்தியிருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷத் தாம்பத்தியம். கம்யூனிஸ்ட் இளைஞர் சங்கம் நடத்தி வைத்த கொம்சோமோல் கல்யாணத்தில் யார் தாத்தா பெயரைக் கேட்டார்கள்? கடிதத்தைக் கிழிக்கப் போனேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மறைக்காம எழுதுங்க. சம்பந்தி கல்யாணமும் அப்படி நடந்ததுதானே" என்றாள். எழுதிவிட்டேன். தங்கள் மாமனாரின் ஏழு தாத்தாக்களும் தாங்கள் கொடுத்த பென்டிரைவிலேயே இருக்கிறார்கள். தங்களையும் தங்கள் மனைவியையும் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து சேர்ந்தால், பார்க்கும் உத்தேசமும் இல்லை.