செல்லையன் வளர்த்த தேரைக் குஞ்சுகள்

சத்தியம். இதில் ஒரு எழுத்து பொய்யென்றால் என் பல்செட் நாளைக் காலையே அரசலாற்றோடு போகட்டும்.

எழுபத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி மழை. காரைக்காலில் ஒரு கல்லூரியின் விலங்கியல் கூடத்தில் அட்டெண்டர் செல்லையன். இனி பிராந்தியைத் தொட்டால் தன் மனைவி லோகாம்பாளைப் பிறந்த ஊரான நெடுங்காட்டுக்கே அழைத்துப் போய்விடலாம் என்று அவள் அண்ணன் முத்தையன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. தெருவுக்கு மூன்று கடை இருக்கிற ஊரில் அது பதினெட்டு வருஷம்.

பத்தொன்பதாம் நாள் ஒரு பாட்டில் வாங்கிவிட்டார். வீட்டில் லோகாம்பாள் கை படாத இடம் கிடையாது. ஆகவே ஒன்றை உண்டாக்கினார். கொல்லையில் கிடந்த சிமெண்டுத் தொட்டியில் பாட்டிலை அமுக்கி, மேலே குட்டைத் தண்ணீரும் முந்நூறு தலைப்பிரட்டையும் கொட்டினார்.

“லோகு, இது காலேஜ் ஆராய்ச்சி. தேரைக் குஞ்சு. உள்ளே கையை விட்டுடாதே.”

“விட்டா?”

“விஷம்! தேரைக்குக் கண்ணுக்குப் பின்னாடி ரெண்டு பை இருக்கு. அழுத்தினா பால் மாதிரி வரும். கடிச்ச நாய் நுரை தள்ளும். முட்டையில விஷம், குஞ்சுல விஷம். மீனுகூட வாயில போட்டுட்டு, கசக்குதுன்னு துப்பிடும்.”

“இத்தனை எதுக்குங்க?”

“கூட்டம் கூடக் கூட விஷமும் கூடும்.”

மற்றதெல்லாம் புரொபசர் சொன்னது. கடைசி வரி மட்டும் செல்லையனின் சொந்தச் சரக்கு.

“அப்புறம் என்ன செய்வீங்க?”

“ஸ்பிரிட்டுல போட்டு வைப்போம். நூறு வருஷம் கெடாது.”

“பாவம்” என்று சொல்லிவிட்டு லோகாம்பாள் அரிசி களையப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை முத்தையன் விருந்துக்கு வந்தார். மடவை மீன் குழம்பு பரிமாறுகிற நேரம் பார்த்துச் செல்லையன் கொல்லைக்கு நழுவினார். பாட்டிலை எடுத்தார். புதுப் பாட்டிலின் மூடி சுலபமாகத் திறந்ததைக்கூட அவசரத்தில் கவனிக்கவில்லை. மடக்கென்று கால் பாட்டில் உள்ளே போனது.

கசப்பு! உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை கசப்பு. மூடி வழியாக விஷம் ஊறிவிட்டது! முந்நூறு குஞ்சு!

“லோகு! நான் போறேன்!”

“சாப்பிட்டுட்டுப் போங்க. எங்க?”

“மேலே! விஷம்!”

“தொட்டியில கையை விட்டீங்களா?”

“குடிச்சிட்டேன்டி!”

முத்தையன் இலையிலிருந்து நிமிர்ந்தார். “தொட்டித் தண்ணியையா மாப்ள?”

“பிராந்தி, மச்சான்! தொட்டிக்குள்ள ஒளிச்சு வச்ச பிராந்தி! டாக்டரைக் கூப்பிடுங்க!”

முத்தையன் கை கழுவினார். “லோகாம்பா, துணிமணியை எடு. ரெண்டு மணி பஸ்ஸு.”

“உக்காருண்ணே. அவரு குடிச்சது நிலவேம்புக் கஷாயம். காலையிலேயே நான்தான் காய்ச்சி மாத்தி ஊத்துனேன். சத்தியத்துக்கு ஒரு பங்கமும் இல்லை. வயித்துக்கும் நல்லது.”

செல்லையனுக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும். “கையை விடாதேன்னேனேடி!”

“விடலையே. இடுக்கியால எடுத்தேன்.”

“அப்போ... பிராந்தி?”

லோகாம்பாள் அலமாரியிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை இறக்கினாள். பொன்னிறப் பிராந்தியில் பன்னிரண்டு தலைப்பிரட்டைகள் நிம்மதியாக மிதந்தன.

“நாளைக்குப் புரொபசர்கிட்ட குடுத்துடுங்க. நூறு வருஷம் கெடாதாமே.”

புரொபசர் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்தார். ஓய்வு பெறுகிறவரை தினமும் அதைத் துடைத்து வைத்தவர் செல்லையன்தான்.

சொன்னது நான் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள். லோகாம்பாளிடம் நிலவேம்பு இன்னும் மிச்சம் இருக்கிறது.